ஹாவர்ட்டின் கதவும் நமது கணக்குப் புத்தகமும்

அண்மையில் ஒரு டிசம்பர் மாத இரவு. கடையைப் பூட்டி, இஷாத் தொழுகையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது நண்பர் ஒருவர் மகனோடு வாசலில் காத்திருந்தார். காத்தான்குடிக் கடைத்தெருவில் என்னைப்போல் நீண்டகாலம் வியாபாரம் செய்பவர். மகன் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதியிருந்தார். கெட்டிக்காரப் பிள்ளை. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் சிலவற்றுக்கு விண்ணப்பிக்க முயன்றுகொண்டிருந்தார். கட்டுரைகள் எழுதியாகிவிட்டது. ஆசிரியர்களின் கடிதமும் வந்துவிட்டது. நிதியுதவிப் படிவத்தில் ஒரு கேள்வியில்தான் வேலை நின்றுபோயிருந்தது. பெற்றோரின் வருட வருமானம் எவ்வளவு?

"என்னத்த மச்சான் எழுதுற? பேங்குக்கு ஒரு கணக்குக் குடுத்திரிக்கன். வரிக்கு இன்னொண்டு. உண்மைக் கணக்கு எனக்கே தெரியா" என்றார் நண்பர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மகன் சிரிக்கவில்லை.

அந்தப் பிள்ளையின் முகம் மனதில் நிற்பதால் இதை எழுதுகிறேன்.

வாய்ப்பு எவ்வளவு?

முதலில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவோம். 2024ஆம் ஆண்டு அனுமதிக்காக ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 54,000 பேர் விண்ணப்பித்தார்கள். இடம் கிடைத்தவர்கள் 2,000 பேருக்கும் குறைவு. எம்.ஐ.ரி. எனப்படும் தொழில்நுட்ப நிறுவனத்தில் வெளிநாட்டு மாணவர் 100 பேர் விண்ணப்பித்தால் சுமார் 2 பேருக்கே இடம் கிடைக்கிறது.

நமது நாட்டு முறை நமக்குத் தெரியும். இஸட் புள்ளி வரும். 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரிப்பார்கள். வெட்டுப்புள்ளி வந்ததும் பிள்ளை உள்ளேயா வெளியேயா என்பது தெரிந்துவிடும். அங்கே அப்படி வெட்டுப்புள்ளி கிடையாது. எஸ்.ஏ.ரி. பரீட்சைப் புள்ளி, பாடசாலையில் பல வருடம் எடுத்த புள்ளிகள், ஆசிரியர் கடிதங்கள், பிள்ளை எழுதும் கட்டுரை, பாடசாலைக்கு வெளியே அவர் செய்தவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள். மூன்று 'ஏ' எடுத்த பிள்ளையும் திரும்பி வரலாம். அதில் பிள்ளையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

விலை எவ்வளவு?

ஹாவர்ட்டில் 2025-26 கல்வியாண்டுக்கான கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 87,000 டொலர். டொலர் ஒன்று 300 ரூபா என்று வைத்தால் வருடத்துக்கு இரண்டரைக் கோடி ரூபாவுக்கும் மேல். நான்கு வருடத்துக்குப் பத்துக் கோடியைத் தாண்டும். இதைக் கேட்டதும் நம்மில் பலர் "இது நமக்குச் சரிவராது" என்று எழுந்து விடுகிறோம். ஆனால் கடையில் ஒட்டியிருக்கும் விலையும் கடைசியில் வாங்குபவர் கொடுக்கும் விலையும் ஒன்றல்ல என்பது வியாபாரிக்குத் தெரியாதா?

ஹாவர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.ரி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டுப் பிள்ளையையும் பணம் கட்ட முடியுமா என்று பார்க்காமலே தெரிவு செய்கின்றன. 2022ல் டார்ட்மத், போடின் என்பவையும் இதில் சேர்ந்தன. பிரவுண் 2025 அனுமதியிலிருந்து சேர்ந்தது. தெரிவான பின் குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்று கணக்கிட்டு மிகுதியைத் தாங்களே ஏற்கிறார்கள். வருட வருமானம் 100,000 டொலர், அதாவது சுமார் மூன்று கோடி ரூபாவுக்கு உட்பட்ட, பெரிய சொத்துகள் இல்லாத குடும்பத்திடம் ஹாவர்ட் எதுவும் அறவிடாது என்று 2025 மார்ச்சில் அறிவித்தது. நமது ஊரில் எத்தனை பேர் இந்த எல்லையைத் தாண்டுவோம்?

இன்னொன்றும் நமக்கு முக்கியம். மாணவர் கடனை நீக்கி, திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத மானியமாகவே கொடுக்கும் முறையை பிரின்ஸ்டன் 2001ல் தொடங்கியது. வட்டிக்கு அஞ்சி மேற்படிப்பைக் கைவிடும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் எல்லா இடமும் இப்படியல்ல. ஸ்டான்போர்ட், கொலம்பியா, கோர்னெல் போன்றவை வெளிநாட்டுப் பிள்ளை உதவி கேட்கிறதா என்பதையும் தெரிவின்போது கவனிக்கின்றன. "முதலில் கட்ட முடியும் என்று எழுதுவோம், உள்ளே போனபின் கேட்போம்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஸ்டான்போர்ட்டில் ஆரம்பத்தில் கேட்காத வெளிநாட்டு மாணவர் பின்னர் கேட்க முடியாது. பொய்யில் தொடங்கிய பிள்ளை நடுவழியில் நிற்பார்.

நமது கை எங்கே பிசகுகிறது?

இப்போது நண்பரின் படிவத்துக்கு வருவோம். நிதியுதவிக்காகப் பல பல்கலைக்கழகங்கள் சி.எஸ்.எஸ். புரொபைல் என்ற படிவத்தைக் கேட்கின்றன. வருமானம், வரிப் பத்திரம், வீடு, காணி, வியாபாரத்தின் பெறுமதி, கடன் எல்லாவற்றையும் அதில் காட்ட வேண்டும்.

நமது நிலைமை என்ன? கடைக் காசும் வீட்டுக் காசும் ஒரே லாச்சியில். வங்கிக் கூற்றில் வருடத்துக்கு மூன்று கோடி ரூபா புரள்கிறது. அது புரள்வு, இலாபமல்ல என்பது நமக்குத் தெரியும். அமெரிக்காவிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? புறக்கோட்டை மொத்த வியாபாரிக்கு நாற்பது இலட்சம் கொடுக்க வேண்டியிருக்கும். அது வாய்ப்பேச்சில் வந்த கடன். காகிதத்தில் இல்லாத கடனை எந்தப் படிவத்தில் காட்டுவது?

வீட்டு விடயத்தைப் பாருங்கள். நமது பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்ற வாப்பா மூன்று வீடு கட்டிக் கடனாளியாகியிருப்பார். உறுதியில் அவை இன்னும் அவர் பெயரில் இருந்தால், பார்ப்பவருக்கு அவர் மூன்று வீட்டுச் சொந்தக்காரர்! இத்தகைய விசேட நிலைமைகளை விளக்க அந்தப் படிவத்திலேயே இடம் இருக்கிறது. விளக்கத்துக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரத்தை ஒரே இரவில் உண்டாக்க முடியாது.

ஆக, கணக்கு எழுதாததால் நாம் மறைத்து இலாபமடைவதாக நினைக்கிறோம். உண்மையில் நமது கஷ்டத்தை நிரூபிக்கத்தான் முடியாமல் போகிறது. வரிக்குப் பயந்து எழுதாதவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு வருடம் 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வருமான வரி இல்லை. சிறு வியாபாரிகள் பலருக்கு உண்மையை எழுதுவதால் ஒரு நட்டமும் இல்லை.

கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும்படி கட்டளையிடும் வசனம் அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது. அதை ஓதுகிறோம். எழுதுவதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று, முகவர்கள். "ஹாவர்ட் எடுத்துத் தருகிறேன்" என்று எவராவது முற்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மேற்சொன்ன பல்கலைக்கழகங்கள் முகவருக்குத் தரகு கொடுத்துப் பிள்ளை பிடிப்பதில்லை. கொழும்பில் அமெரிக்க - இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவின் கல்வி ஆலோசனை இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் செலுத்த முடியாதவர்கள் விலக்கும் கேட்கலாம்.

மற்றது, முழு முதலையும் ஒரே சரக்கில் போடாதீர்கள். 2025 மே மாதம் ஹாவர்ட் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் அனுமதியை அமெரிக்க அரசு இரத்துச் செய்ய முயன்றது. நீதிமன்றம் தடுத்தது. அதே காலத்தில் மாணவர் விசாவுக்கான புதிய நேர்முகத் திகதிகள் சில வாரங்கள் வழங்கப்படவில்லை. பின்னர் விண்ணப்பதாரரின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கத் தொடங்கினார்கள். ஆகவே வந்தாறுமூலையோ ஒலுவிலோ பேராதனையோ, இங்குள்ள இடத்துக்கான முயற்சியைப் பிள்ளை ஒருபோதும் விடக்கூடாது.

என்ன செய்யலாம்?

பிள்ளை ஒன்பதாம் தரத்துக்கு வந்ததும் தொடங்குங்கள். கடைக்குத் தனி வங்கிக் கணக்கு. வீட்டுச் செலவுக்கு மாதாந்தம் ஒரு தொகை எடுத்து எழுதுங்கள். கடனுக்குத் துண்டு வாங்குங்கள். வருட முடிவில் இலாப நட்டக் கணக்கொன்றைக் கணக்காளரிடம் தயாரித்துக் கொள்ளுங்கள். பிள்ளையின் தவணை அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். அங்கே விண்ணப்பிக்க முந்தைய வருடப் புள்ளிகளும் வேண்டும்.

முடிந்தால் அந்தக் கணக்கைப் பிள்ளையையே எழுத வையுங்கள். வாப்பாவின் கடையில் வேலை செய்ததையும் அந்தப் பல்கலைக்கழகங்கள் ஒரு தகைமையாகவே பார்க்கின்றன. விவாதப் போட்டிக் கிண்ணத்துக்குக் குறைந்ததல்ல அது.

நண்பரின் மகன் என்னவானார்? கடதாசிகளைத் தேடிச் சேர்ப்பதற்குள் ஜனவரி முதலாம் திகதி கடந்துவிட்டது. விண்ணப்பம் போகவே இல்லை. போயிருந்தாலும் இடம் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். நூற்றுக்கு இரண்டு, மூன்று என்ற கணக்கு அவருக்கும் பொருந்தும். ஆனால் தோற்பதற்கான வாய்ப்பைக்கூட நாம் அவருக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் என் மனதை உறுத்துகிறது.

சென்ற வாரம் அந்தக் கடைக்குப் போனேன். மேசையில் தடித்த கொப்பி ஒன்று. எழுத்து நண்பருடையதல்ல. பத்தாம் தரம் படிக்கும் மகளுடையது. "இனி இவதான் நம்மட கணக்கப்பிள்ளை" என்றார்.

உங்கள் கடையில் அந்தக் கொப்பி இருக்கிறதா?