ஏழு வருஷக் கெடு

ஒரகடத்தில் தயாரான நிஸான் மைக்ரா, சன்னி மோட்டார்களில் சுமார் 22,000 வண்டிகளை, பிரேக் கோளாறு காரணமாக 2013-ல் கம்பெனியார் தாமே திரும்ப அழைத்தனர். அவர்களைக் கட்டாயப்படுத்த அக்காலத்தில் சட்டம் கிடையாது. 2021 ஏப்ரல் முதல் அமலிலுள்ள விதிகளின்படி, கோளாறுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி சர்க்கார் உத்தரவிடலாம். ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. நல்ல ஏற்பாடே. ஆனால் 7 வயதுக்குட்பட்ட வண்டிகளுக்கு மாத்திரமே இது பொருந்துமாம்!

ஒரகடத்தை அடுத்த மஹிந்திரா சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ கார்கள் பூட்டப்படுகின்றன. அத்தகைய உயர்ந்த ரக வண்டி நடுத்தர வகுப்பாருக்கு எட்டும் விலைக்கு இறங்குவது, பெரும்பாலும் பல வருஷம் ஓடிக் கைமாறிய பிறகுதான்.

டகாட்டா என்னும் ஜப்பானியக் கம்பெனியின் ஏர்பேக்குகளின் கதை உலகறிந்தது. பையை ஊதச்செய்யும் அம்மோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரமும் தாக்கி வருஷக்கணக்கில் கெட்டு, விபத்தின்போது உலோகக் கூட்டையே சிதறடித்தது. உயிரைக் காக்க வைத்த கருவி பலரைக் கொன்றது. பி.எம்.டபிள்யூ, மெர்ஸிடிஸ் கார்களும் இதற்கு விலக்கல்ல. வண்டி பழசாகப் பழசாக அபாயம் மிகும். சென்னையின் வெயிலையும் புழுக்கத்தையும் சொல்ல வேண்டுமா? ஆபத்து முற்றும் வயதில் சட்டம் ஒதுங்கிக்கொள்வது என்ன நியாயம்?

அமெரிக்காவில் இலவசமாகப் பழுதுநீக்கும் பொறுப்பு 2015-ல் 10 வருஷத்திலிருந்து 15 ஆக உயர்த்தப்பட்டது. இங்கும் கெடுவை நீட்ட வேண்டும். கம்பெனியின் கடிதம் முதல் சொந்தக்காரரின் பழைய விலாசத்துக்குப் போய்ப் பயனில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாற்றும்போதே, சேஸிஸ் நம்பரைக்கொண்டு பாக்கியுள்ள பழுதை வாங்குபவருக்குத் தெரிவிக்கச் சர்க்கார் உத்தரவிட வேண்டும்.