வாயுத்தொல்லை என்று விட்டுவிடலாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடித்துத் திரும்பும் சகோதரர் பலரின் சட்டைப் பையில் நெஞ்செரிச்சல் மாத்திரை இருக்கிறது. உலையருகே நின்று, வேளை தவறி உண்டு, தேநீரும் பீடியுமாக இரவைக் கழிப்பவருக்கு வயிறு எரிவதில் வியப்பில்லை. ஆயினும் எல்லா எரிச்சலும் ஒன்றல்ல.

வயிற்றுப் புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பினோம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் மருத்துவர்கள் 1982-ல் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியைக் கண்டறிந்தனர். ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அதன் இன்றைய பெயர். 1984-ல் மார்ஷல் அதைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார், துணிச்சல்தான்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிருமியால் வந்த புண், உரிய மருந்தால் குணமாகும். கிருமியை விட்டுவைத்து எரிச்சலை மட்டும் அடக்குவதில் பயனில்லை. மூட்டுவலி மாத்திரைகளாலும் புண் உண்டாகும் என்பதை முதியோர் மறவாதிருப்பார்களாக.

தார்போல் கறுத்து ஒட்டும் மலம், உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளமாகலாம். (இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், அதை மருத்துவர் தீர்மானிக்கட்டும்.) இரத்த வாந்தி கண்டால் விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள். வியர்த்துக் கொட்டி, நெஞ்சை அழுத்தித் தோளுக்குப் பரவும் 'வாயுப் பிடிப்பு' மாரடைப்பாகவும் இருக்கலாம், அதற்கும் அவ்வாறே. காரணமின்றி மெலிதல், விழுங்கும்போது உணவு தடைபடுதல், சோகை ஆகியவை தோன்றினால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்னை ஸ்டான்லிக்கோ செல்லத் தயங்காதீர்கள்.

இன்னொன்று. தொப்புளருகே தொடங்கி வலப்பக்க அடிவயிற்றில் நிலைகொள்ளும் வலியைக் 'குடலேற்றம்' என்று எண்ணெய் தடவி உருவுவோர் நம் சிற்றூர்களில் இன்றும் உளர். அது குடல்வால் அழற்சியாயின், உருவிக்கொண்டிருக்கும் வேளையிலேயே வெடித்துவிடக்கூடும். அத்தகைய வயிற்றில் எவரையும் கைவைக்க விடாதீர்கள்; பேதி மருந்தும் கொடாதீர்கள்.