நாணம் நோயை மறைக்கும், நீக்காது

மலத்தில் இரத்தம் கண்டால், "மூலம்தான்" என்று நம்மில் பலர் தாமே முடிவு செய்துகொள்கிறோம். இராயபுரமோ, திருவொற்றியூரோ, எண்ணூரோ, மருந்துக் கடையில் களிம்பு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறோம். மருத்துவரிடம் சொல்ல நாணம் தடுக்கிறது. குடல் புற்றுநோய் வளர அந்த நாணமே இடம் கொடுத்துவிடுகிறது.

பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் பாலிப் என்னும் சிறு கட்டி புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டுகள் வரை ஆகும். அதற்குள் கண்டறிந்தால் கொலனோஸ்கோபிச் சோதனையின்போதே அகற்றிவிடலாம். ஆகவே இரத்தப்போக்கு, வாரக்கணக்கில் நீடிக்கும் மலச்சிக்கல் அல்லது பேதி, காரணம் தெரியாத இரத்தசோகை, உடல் மெலிவு ஆகியவற்றைப் புறக்கணிக்கலாகாது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்திருந்தால், அறிகுறி தோன்றுமுன்பே மருத்துவரைக் கேட்பது நல்லது. ஸ்டான்லி அரசு மருத்துவமனை நமக்கு அருகிலேயே உள்ளது.

இறைச்சி ஹலால்தான், ஆனால் அளவு பேணுவதும் மார்க்கமே. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கையே உணவுக்கு ஒதுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியை நாளும் 50 கிராம் உண்பவருக்கு இந்நோய் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அறிவித்தது. பிரியாணித் தட்டின் அருகே கீரையும் சுண்டலும் இடம்பெறட்டும்; பீடியும் சிகரெட்டும் ஒழியட்டும்.

மார்க்கத்தை அறிந்துகொள்ள நாணம் தடையாகாத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். தம் உடல் பற்றிய ஐயங்களையும் அப்பெண்கள் கேட்டுத் தெளிந்தார்கள். அல்லாஹ் அமானிதமாகத் தந்த உடலைக் காக்க, நம் வீட்டுத் தாய்மாரும் முதியோரும் தயங்காமல் பேச நாம் வழிவிடுவோம்.