மெமரி கார்டும் லினக்ஸும்

கேமராவின் மெமரி கார்டை லினக்ஸ் கணினியில் செருகியதும் படங்கள் தெரியாவிட்டால், "லினக்ஸ் என்றாலே இப்படித்தான்" என்று பலர் தீர்ப்பு சொல்லி விடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு நியாயமா?

கார்டு திறக்க இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். முதலில் கெர்னல் கார்டை அடையாளம் காண வேண்டும். பிறகு அதிலுள்ள கோப்பு முறைமையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பல ஆண்டுகள் தகராறு செய்தது இரண்டாவது வேலைதான்.

32 ஜிபி வரையிலான எஸ்டி கார்டுகளில் இருப்பது ஃபேட் வகை. அதை லினக்ஸ் எளிதாகப் படிக்கும். 2009-ல் அறிவிக்கப்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் 32 ஜிபிக்கு மேற்பட்டவை. இவற்றுக்கு மைக்ரோசாஃப்டின் எக்ஸ்ஃபேட் முறையைத் தரமாக வைத்தார்கள். அதன் மேல் காப்புரிமை இருந்ததால் கெர்னலுக்குள் அதற்கு இடமில்லை. பயனர்கள் தனி மென்பொருளைத் தேடி நிறுவ வேண்டியிருந்தது.

2019 ஆகஸ்டில்தான் மைக்ரோசாஃப்ட் அதன் முழு விவரத்தையும் வெளியிட்டது. அந்த நவம்பரில் வந்த 5.4 கெர்னலில் எக்ஸ்ஃபேட் சோதனை நிலையில் சேர்ந்தது. 2020 மே மாதம் வந்த 5.7-ல் சாம்சங் எழுதிய நல்ல டிரைவர் இடம்பிடித்தது. பூட்டைத் திறந்ததும் ஒரே வருடத்தில் வேலை முடிந்துவிட்டது!

எடுத்த படம் எடுத்தவருக்குச் சொந்தம். அதைத் திறக்கும் சாவி மட்டும் ஒரு நிறுவனத்தின் கையில் இருப்பது முறையல்ல. எல்லாக் கேமராவும் பின்பற்ற வேண்டிய தரம் முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும்.

பழைய லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கார்டு கெட்டுவிட்டது என்று அவசரப்பட்டு ஃபார்மட் செய்துவிட வேண்டாம். எல்எஸ்பிஎல்கே கட்டளையில் கார்டின் அளவு சரியாகத் தெரிந்தால், குறை பெரும்பாலும் கோப்பு முறைமையில்தான். படங்கள் பத்திரமாகவே இருக்கக்கூடும்.