தொண்ணூறு நிமிடம் யாருக்கு?

பள்ளியில் 45 நிமிடப் பாடவேளைகளை இரண்டிரண்டாக இணைத்து 90 நிமிடமாக்கினால் பிள்ளைகள் ஆழமாகக் கற்பார்கள் என்கிறார்கள். ஆய்வகம் வரையில் எங்களுக்கும் சம்மதம். சோதனைக் குழாயைக் கழுவி எடுப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. வீட்டில் செய்து பார்க்க எங்கள் பிள்ளைகளுக்கு வழி ஏது?

எல்லாப் பாடத்துக்கும் என்றால்தான் உதைக்கிறது. கணக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியில், சும்மா போகும் 45 நிமிடம் 90 ஆகும். அந்த நேரத்தில் தண்ணீர் தூக்கவும் கழிப்பறை கழுவவும் யாரை அனுப்புகிறார்கள்? எங்கள் மாலை வகுப்புக்கு வரும் காலனிப் பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள். நடவு, அறுப்பு என்று ஒரு நாள் நின்ற பிள்ளைக்கு இரண்டு நாள் பாடம் போய்விடும். டியூஷன் போகிறவன் அதைப் பிடித்துக்கொள்வான். இவள் எங்கே போவாள்?

கால அட்டவணையில் சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்கள் 1953ஐ நினைத்துப் பார்க்கட்டும். ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளியை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தது, இரண்டு ஷிப்டாகப் பிரித்தது, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னது. அதிகப் பிள்ளைகள் படிக்கலாம் என்று அதற்கும் ஒரு நல்ல காரணம் சொன்னார்கள். 1954இல் காமராசர் வந்துதான் அது ஒழிந்தது.

முதலில் காலிப் பணியிடங்களை நிரப்புங்கள். பிள்ளைகள் கையிலிருக்கும் துடைப்பத்தை வாங்கிவிட்டு, முறையான சம்பளத்தில் ஆள் போடுங்கள், அதுவும் எங்கள் தெருவிலிருந்தே தேடாமல். பிறகு ஆய்வக வகுப்பிலிருந்து தொடங்குங்கள், நாங்களே கேட்டு வாங்குகிறோம்.