பாதுகாப்பு என்னும் பூட்டு

2014 ஜூனில் அப்துல் ஃபத்தா அல் சிசி எகிப்தின் அதிபராகப் பதவியேற்றார். அதைக் கொண்டாடக் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் திரண்ட கூட்டத்துக்கு நடுவிலேயே பெண்கள் சுற்றிவளைக்கப்பட்டுத் தாக்கப்பட்டார்கள். சில நாள்களில் அதிபர் சிவப்பு ரோஜாக்களோடு மருத்துவமனைக்குப் போய், பாதிக்கப்பட்ட பெண் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டார். இத்தகைய கொடுமைகளை மறுத்தே பழகிய ஓர் அரசின் தலைவர் தலைகுனிந்து நின்றது சிறிய விஷயம் அல்ல. ஆனால், மூன்றாண்டுகளுக்கு முன்பு இதே மனிதர் ராணுவப் புலனாய்வுத் துறையின் தலைவராக இருந்தார். 2011 மார்ச்சில் அதே சதுக்கத்தில் கைதான பெண்கள் சிலரை ராணுவம் 'கன்னித்தன்மைப் பரிசோதனை'க்கு உட்படுத்தியது. அதுபற்றி ஆம்னெஸ்டி அமைப்பின் அப்போதைய பொதுச்செயலர் சலீல் ஷெட்டி கேட்டபோது, பெண்களை வன்கொடுமையிலிருந்தும் படைவீரர்களை அத்தகைய புகார்களிலிருந்தும் காப்பதற்காகவே அது செய்யப்பட்டது என்று சிசி விளக்கம் தந்தார். சமீரா இப்ராஹிம் என்ற இளம்பெண் நீதிமன்றம் சென்றார். 2011 டிசம்பரில் நிர்வாக நீதிமன்றம் அந்தப் பரிசோதனைக்குத் தடை விதித்தது. 2012 மார்ச்சில் ராணுவ நீதிமன்றம் சம்பந்தப்பட்ட மருத்துவரை விடுவித்துவிட்டது. பரிசோதனைக்கும் பாதுகாப்பே காரணம், ரோஜாப்பூவுக்கும் பாதுகாப்பே காரணம். அரபு நாடுகளில் பாலியல் சீண்டலுக்கு எதிரான போராட்டம் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதை விளங்கிக்கொள்ள இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனாலே போதும்.

எகிப்தில் தெருவில் பெண்ணைச் சீண்டுவதற்கு நெடுங்காலம் வழங்கிய சொல் 'முஆகஸா'. கேலி, குறும்பு என்ற அளவில் தேய்ந்துபோன சொல் அது. அந்த இடத்தில் 'தஹர்ருஷ்' என்ற சொல்லை, அதாவது அத்துமீறல் என்ற பொருளை, கொண்டுவந்து நிறுத்தவே பெண்கள் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். 2008இல் எகிப்தியப் பெண்கள் உரிமை மையம் நடத்திய ஆய்வில் 83 சதவீத எகிப்தியப் பெண்கள் தாங்கள் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள்; ஆண்களில் 62 சதவீதம் பேர் தாங்கள் அதைச் செய்ததாக ஒப்புக்கொண்டார்கள். அதே ஆண்டு, தன்னைத் தீண்டிய வாகன ஓட்டுநரை விடாமல் காவல் நிலையத்துக்கு இழுத்துச்சென்ற ஓர் இளம்பெண்ணின் வழக்கில் மூன்றாண்டுக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. 2010 இறுதியில் தொடங்கிய 'ஹராஸ்மேப்', சீண்டல் நடந்த இடங்களை மக்களே வரைபடத்தில் குறிக்க வழிசெய்தது. 2013இல் ஐ.நா. பெண்கள் அமைப்பின் ஆய்வில் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்களின் விகிதம் 99.3 சதவீதம் என்று வந்தது. குற்றம் பெருகியதா, குற்றத்தைக் குற்றம் என்று சொல்லும் துணிவு பெருகியதா என்று அந்த எண்ணிக்கையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டாவதற்கும் அதில் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன். 2014இல் இந்தக் குற்றத்துக்குத் தண்டனைச் சட்டம் முதன்முறையாக வரையறை தந்தது என்றால், அந்த வரையறையை எழுதவைத்தது இந்தப் பெண்கள்தான்.

அரசு எங்கே இருந்தது? 2005 மே 25 அன்று கெய்ரோவில் பத்திரிகையாளர் சங்கக் கட்டடத்துக்கு முன்பாக, பெண் போராட்டக்காரர்களும் பெண் செய்தியாளர்களும் ஆளுங்கட்சி ஆதரவாளர்களால் காவல் துறையின் கண்ணெதிரே தாக்கப்பட்டு, ஆடை கிழிக்கப்பட்டார்கள். ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையம் பின்னாளில் இதற்கு எகிப்திய அரசையே பொறுப்பாக்கியது. 2013 ஜூன் 30 முதல் ஜூலை 3 வரையிலான நான்கு நாள்களில் மட்டும் தஹ்ரீரில் குறைந்தது 91 பெண்கள் கும்பல்களால் தாக்கப்பட்டார்கள். அந்த நாள்களில் சதுக்கத்துக்குள் காவலர் இல்லை. கும்பலுக்குள் புகுந்து பெண்களை மீட்டவர்கள் தன்னார்வக் குழுக்களின் ஆண்களும் பெண்களும்தான். கைகோத்துச் சங்கிலிபோல் உள்ளே நுழைவார்கள். மாற்றுத்துணி கையில் இருக்கும். உதவி எண் ஒன்று இரவெல்லாம் இயங்கும். கத்திக்குத்து விழலாம் என்று தெரிந்தே போனார்கள். ஒரு சமூகம் தன் நோய்க்குத் தானே மருந்து தேடியதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன். அடுத்து வந்த ஆட்சி அந்தக் கைகளைத்தான் முதலில் அவிழ்த்தது. 2013 நவம்பரில் போராட்டங்களுக்குக் கடிவாளமிடும் சட்டம் வந்தது. தாக்குதல்களை ஆவணப்படுத்திய 'நஸ்ரா' என்ற பெண்ணியக் குழுவின் நிறுவனர் முஸுன் ஹசனுக்கு 2016இல் வெளிநாடு செல்லத் தடை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு குழுவின் சொத்துகள் முடக்கப்பட்டன.

பாதுகாப்பைத் தருபவரே அதை யாருக்குத் தருவது என்றும் முடிவுசெய்கிறார். மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் பெண்ணுக்கு அது கிடைக்கும். கேள்வி கேட்கும் பெண்ணுக்குக் கிடைக்காது. 2018 மே மாதம் அமல் ஃபத்தி என்ற செயற்பாட்டாளர், வங்கி ஒன்றில் தனக்கு நேர்ந்த சீண்டலைச் சொல்லி, அரசு பெண்களைக் காக்கத் தவறியதைக் கடுமையாகச் சாடிக் காணொலி வெளியிட்டார். இரண்டு நாள்களில் கைதானார். பொய்ச் செய்தி பரப்பியதாக இரண்டாண்டுச் சிறைத் தண்டனை வந்தது. 2020 ஜூலையில் நாதீன் அஷ்ரஃப் என்ற 22 வயது மாணவி இன்ஸ்டாகிராமில் தொடங்கிய 'அசால்ட் போலீஸ்' பக்கத்தில் ஒரே இளைஞன்மீது புகார்கள் குவிந்தன. அவன் கைதாகி, பின்னர் எட்டாண்டுத் தண்டனை பெற்றான். புகார் தருபவரின் அடையாளத்தை மறைக்கும் சட்டமும் ஆகஸ்டில் வந்தது. நாட்டில் நம்பிக்கை துளிர்த்தது. அந்த ஆகஸ்ட் முடிவதற்குள், 2014இல் ஒரு நட்சத்திர விடுதியில் நடந்த கூட்டு வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்ல முன்வந்தவர்களில் சிலரே கைதாகி, மாதக்கணக்கில் காவலில் இருந்தார்கள். 2021 மே மாதம் போதிய ஆதாரமில்லை என்று அந்த வழக்கு மூடப்பட்டது. சாட்சியைச் சிறையில் வைத்துவிட்டு ஆதாரம் இல்லை என்று சொல்லும் நீதியை என்னவென்பது?

இதற்கெல்லாம் மதமும் பண்பாடும்தானே காரணம் என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பெண்ணின் உடைமீது பழி போடுபவர்களும் ஒருவகையில் அதே வாதத்தைத்தான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறார்கள். எகிப்தில் தலையை மூடிச்செல்லும் பெண்கள் சீண்டலிலிருந்து தப்பிவிடவில்லை என்பதை 2008 ஆய்வே காட்டியது. உடை எந்த வகையிலும் சாக்காகாது என்று 2018 ஆகஸ்டில் அல் அஸ்ஹர் சமய நிறுவனமே அறிக்கை விட்டது. வேலையின்மை, தள்ளிப்போகும் திருமணம், ஏழை இளைஞர்களின் விரக்தி என்ற விளக்கமும் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால், மேலே சொன்ன 'அசால்ட் போலீஸ்', நட்சத்திர விடுதி வழக்குகள் இரண்டிலும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள்.

இன்னொரு மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. அரபு ஆண்களைப் பற்றிய இத்தகைய பேச்சு மேற்குலகின் வெறுப்புக்குத் தீனி போடுகிறது என்பதே அது. 2015 டிசம்பர் 31 இரவு ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த தாக்குதல்களுக்குப் பின் 'தஹர்ருஷ்' என்ற சொல் ஜெர்மானிய நாளேடுகளில் ஏறியது. எகிப்தியப் பெண்கள் தங்கள் விடுதலைக்காகச் செதுக்கிய சொல், அகதிகளுக்கு எதிரான கல்லாக வீசப்பட்டது. இதன் வேர் ஆழமானது. எகிப்தை ஆட்டிப்படைத்த பிரிட்டிஷ் அதிகாரி குரோமர் பிரபு, எகிப்தியப் பெண்களின் முக்காட்டைக் காட்டி அந்நிய ஆட்சிக்கு நியாயம் தேடினார். தாயகம் திரும்பியபின் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்ற இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1914இல் பிரிட்டன் எகிப்தைத் தன் 'பாதுகாப்பு நாடு' என்று அறிவித்தது. அரபு மொழியில் அதற்கு 'ஹிமாயா' என்று பெயர். பாதுகாப்பு என்பதே அச்சொல்லின் பொருள். 1919 மார்ச்சில் ஹுதா ஷஅராவி உள்ளிட்ட பெண்கள் கெய்ரோ தெருக்களில் இறங்கியது அந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்லத்தான். ஆகவே, அந்நியன் பழிப்பான் என்பதற்காக வாய்மூடச் சொல்வது, ஒரு காவலனுக்கு அஞ்சிப் பெண்களை இன்னொரு காவலனிடம் ஒப்படைப்பதாகவே முடியும்.

குறையுள்ள சட்டமாவது இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதவியேற்புக் கொண்டாட்டத்தில் நடந்தவை உள்ளிட்ட தஹ்ரீர் தாக்குதல்களுக்காக ஏழு பேருக்கு 2014 ஜூலையிலேயே ஆயுள் தண்டனை கிடைத்தது. 2021இல் சீண்டலுக்கான குறைந்தபட்சத் தண்டனை ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டாக உயர்ந்தது. எதையும் திரும்பப் பெறும்படி யாரும் சொல்லவில்லை. ஆனால், சட்டத்தைக் கையிலெடுத்துக் காவல் நிலையப் படியேறும் பெண்ணுக்குத் துணைநிற்கச் சங்கம் வேண்டும், வழக்கறிஞர் வேண்டும், அஞ்சாத சாட்சி வேண்டும். சவூதி அரேபியா 2018 மே மாத இறுதியில் சீண்டல் தடுப்புச் சட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதே மாத நடுவில்தான் கார் ஓட்டும் உரிமை கேட்ட லுஜைன் அல் ஹத்லூல் முதலானோரைச் சிறையில் அடைத்திருந்தது. துனீசியாவில் வேறொன்று நடந்தது. 2017இல் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான விரிவான சட்டம் வந்தது. 2019இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான ஒருவரின் ஆபாசச் செயலைப் பள்ளி மாணவி ஒருவர் படமெடுக்க, 'எனா ஸேதா', 'நானும்தான்' என்று ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதினார்கள். 2021இல் அவருக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அங்கே அப்போது பெண்கள் கூடிப் பேச இடமிருந்தது.

எகிப்தில் தண்டனை உயர்ந்த அதே 2021இன் தொடக்கத்தில், அரசு தயாரித்த குடும்பச் சட்ட வரைவு ஒன்று வெளியே கசிந்தது. பெண்ணின் திருமண ஒப்பந்தத்தில் தந்தையோ சகோதரனோ கையெழுத்திட வேண்டும்; பொருந்தாத திருமணம் என்று அவர்கள் கருதினால் ஓராண்டுக்குள் அதை ரத்துசெய்யக் கோரலாம் என்றது அது. 'காப்பாளர் உரிமை எனது' என்ற முழக்கத்தோடு பெண்கள் இணையத்தில் திரண்டார்கள். பேராசிரியர்களும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் தங்கள் பெயரையும் பணியையும் எழுதி, தங்கள் கையெழுத்து எங்கெங்கே செல்லாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள்.