வைரத்தோடு மங்கிப்போச்சா? நல்லெண்ணெயைக் கேளுங்க!

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் தேதி ஜூன் 12. தண்ணீர் வருகிற சேதி தெரிந்ததுமே, டெல்டா வீடுகளின் பீரோவில் இருக்கும் சங்கிலியும் வளையலும் சொசைட்டிக்கோ பேங்குக்கோ கிளம்பிவிடும். விதை, உரம், நடவுக் கூலி என்று குறுவைச் செலவு அத்தனைக்கும் நகைக் கடன்தான் கைகொடுக்கும். அறுவடை முடிந்து, நெல்லுக்குப் பணம் கைக்கு வந்தால் நகையும் வீடு திரும்பும்.

இந்தப் பயணத்தில் பெரும்பாலும் சேராத நகை ஒன்று உண்டு. பாட்டியின் வைரத்தோடு! அடகு வைக்கப் போனால், கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் கணக்குப் போடுவார்கள். ரிசர்வ் வங்கி 2025-ல் வெளியிட்ட நகைக் கடன் விதிகளும் கல்லின் விலையைச் சேர்க்கக் கூடாது என்றே சொல்கின்றன. ஏழு கல் தோட்டைக் கொண்டுபோய் நீட்டினாலும், கல்லைப் பிடித்திருக்கும் தங்கத்துக்கு உண்டான காசுதான். அதனால், அது பாட்டிக்குப் பிறகு அம்மா, அம்மாவுக்குப் பிறகு மகள் என்று வீட்டுக்குள்ளேயே கைமாறுகிறது. அதை எப்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் நிறைய பேருக்குக் குழப்பம்.

முதல் புகார், ‘தோடு முன்ன மாதிரி டாலடிக்கலை’ என்பது. உடனே ‘கல் பழசாயிடுச்சு’, ‘ஆசாரி மாத்திட்டாரோ’ என்றெல்லாம் சந்தேகம் வரும். வைரம் பழசாவதில்லை. இயற்கையில் கிடைக்கும் கற்களில் அதைவிடக் கெட்டியானது வேறு இல்லை. ஆனால், அதற்கு ஒரு பலவீனம் உண்டு. தண்ணீர் அதில் ஒட்டாது, எண்ணெய்ப் பசை சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

இதை வைத்தே வைரம் எடுத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கத்தில், 19-ம் நூற்றாண்டின் கடைசியில், கிரீஸ் தடவிய சாய்வான மேஜை ஒன்றைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நொறுக்கிய பாறையைத் தண்ணீரோடு கலந்து அதன் மேல் ஓடவிட்டால், சாதாரணக் கற்கள் வழிந்து போய்விடும். வைரம் மட்டும் கிரீஸில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இப்போது நம் வீட்டு வெள்ளிக்கிழமையை நினைத்துப் பாருங்கள். தோட்டைக் கழற்றாமலே தலைக்கு நல்லெண்ணெய், அப்புறம் சீயக்காய், முகத்துக்கு மஞ்சள். எண்ணெய் கல்லில் ஒட்டுகிறது, சீயக்காய்த் தூளும் மஞ்சளும் அந்த எண்ணெயில் ஒட்டுகின்றன. வெளிச்சம் கல்லுக்குள் போய்த் திரும்பி வந்தால்தான் பளபளப்பு. கல்லின் பின்பக்கம் அழுக்கு அடைந்துவிட்டால், முன்பக்கத்தை எவ்வளவு துடைத்தாலும் பிரயோஜனம் இல்லை.

நம் ஊர்ப் பாட்டிகள் பெருமையாகச் சொல்லும் ‘ப்ளூ ஜாகர்’ வைரம் கேள்விப்பட்டிருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டெய்ன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. சுரங்கத்தை 1971-லேயே மூடிவிட்டார்கள், பெயர் மட்டும் தமிழ்நாட்டு நகைக்கடைகளில் இன்னும் புழங்குகிறது. வெயிலில் லேசாக நீலம் தட்டுவதுதான் அதன் விசேஷம். எண்ணெய்ப் படலம் இருந்தால் அந்த நீலமும் தெரியாது. ஆகவே, ‘இது ஜாகரே இல்லை’ என்று குடும்பச் சண்டையைத் தொடங்கும் முன் ஒரு தடவை கழுவிப் பார்த்துவிடுங்கள்!

கழுவுவதற்கு முன் தோட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் திறந்து, கல்லின் அடிப்பாகம் தெரிகிறதா? அப்படியென்றால் வேலை சுலபம். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் ரெண்டு சொட்டு ஷாம்பூ. கால் மணி நேரம் ஊறவிட்டு, குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ்ஷால் பின்பக்கத்தை மெதுவாகத் தேயுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி, நன்றாகக் காயவிடுங்கள். ஷாம்பூவுக்குப் பதில் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரும் நல்லதுதான், ஆசாரிமார்கள் காலம் காலமாகப் பயன்படுத்துவது. எல்லாமே கிண்ணத்துக்குள் நடக்கட்டும். வாஷ்பேசின் குழாய்க்கு அடியில் கழுவி, திருகைச் சாக்கடைக்குத் தாரைவார்த்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். டூத் பேஸ்ட், சபீனா, சாம்பல் எதுவும் வேண்டாம். கல்லுக்கு ஒன்றும் ஆகாது, தங்கத்தில் கீறல் விழும். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரும் தங்கத்துக்கு ஆகாது.

பின்பக்கம் தங்கத் தகட்டால் மூடியிருந்தால்? அங்கேதான் கவனம் தேவை. பழைய தோடு, பேசரி, அட்டிகை பலவும் இப்படித்தான். கல்லுக்கு அடியில் மினுக்குத் தகடு வைத்து, சிலவற்றில் அரக்கும் நிரப்பி மூடியிருப்பார்கள். இதை ஊறவைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், வெளியே வர வழியில்லை. தகடு கறுத்து, ஒரு கல் மட்டும் கண்ணை மூடிக்கொண்ட மாதிரி இருண்டுபோகும். வெந்நீர் பட்டால் அரக்கும் இளகும். எனவே, இந்த வகைக்கு ஈரத்துணியைப் பிழிந்து மேலாகத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குளிக்கும்போது கண்டிப்பாகக் கழற்றிவிடுங்கள். ஏற்கெனவே கறுத்திருந்தால், கல்லைப் பிரித்துத் திரும்பக் கட்டுவது ஆசாரியின் வேலை. பற்றவைக்கிற நெருப்பில் வைரமும் பாழாகலாம், அது கரிமம்தானே! கல்லைக் கழற்றிவிட்டுத்தான் பற்றவைப்பீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஆசாரியிடம் கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நம்ம தஞ்சாவூரே வழிகாட்டி. பெரிய கோயிலுக்கு ராஜராஜ சோழனும் அக்கா குந்தவையும் கொடுத்த நகைகளை, ஆயிரம் வருடங்களுக்கு முன் கல்லிலேயே பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். முத்து எத்தனை, மாணிக்கம் எத்தனை, வைரம் எத்தனை, எடை எத்தனை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி... அத்தோடு விட்டார்களா? புள்ளி உள்ளது, விரிசல் உள்ளது, சிவப்புப் புள்ளி, கறுப்புப் புள்ளி, தீய்ந்தது போன்ற தழும்பு என்று வைரங்களின் குறைகளையும் எழுதியிருக்கிறார்கள். (செம்புள்ளி வைரம் ஆகாது என்று கடையில் பயந்து திருப்பிக் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.)

அந்தக் கணக்கர்களின் வேலையை இன்று உங்கள் மொபைலே செய்துவிடும். முன்பக்கம், பின்பக்கம், கிட்டத்தில் என மூன்று போட்டோ. எத்தனை கல், மொத்த எடை எவ்வளவு, எந்தக் கல்லில் என்ன புள்ளி என்று ஒரு குறிப்பு. நகைக்கடையில் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் வைத்திருப்பார்கள், கேட்டால் பார்க்கத் தருவார்கள். ஒவ்வொரு வைரத்துக்கும் ஒவ்வொரு விதமான புள்ளி, கிட்டத்தட்ட கைரேகை மாதிரி. நகையில் இருக்கும் ஹால்மார்க் எண் தங்கத்தின் தரத்துக்கு மட்டும்தான், கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. போட்டோக்களை வீட்டில் இன்னொருவர் போனிலும் போட்டு வையுங்கள்.

தோடு தொலைவதற்கு முக்கியக் காரணம் திருகு. வருடக்கணக்கில் திருகித் திருகி மரை தேய்ந்துவிடும். பழைய தோடுகளில் மரை கையால் வெட்டியது. இடது காதுத் திருகு வலது தோட்டில் சரியாக உட்காராது, வலுவில் திருகினால் ரெண்டும் கெடும். கழற்றியதும் அதனதன் திருகை அதனதன் தோட்டிலேயே மாட்டி வையுங்கள். மாதம் ஒரு முறை தோட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். லேசாகக் ‘கிலுகிலு’ என்றால் கல் ஆடுகிறது என்று அர்த்தம், அன்றோடு அதைப் போடுவதை நிறுத்திவிடுங்கள்.

வைக்கும் இடத்துக்கு வருவோம். எல்லா நகையையும் ஒரே டப்பாவில் போட்டால் வைரம் மற்றதையெல்லாம் கீறிவிடும். தங்கம், முத்து, கெம்புக் கல் எதுவும் தப்பாது. ஒரு தோடு இன்னொரு தோட்டையும் கீறும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி துணிப்பை நல்லது. பஞ்சு வேண்டாம், அதன் இழை கல்லைப் பிடித்திருக்கும் கொக்கியில் சிக்கி இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோ முழுக்க ஈரம் ஏறும். மூடிய கட்டு நகை இருக்கும் டப்பாவில் புது பேக், ஷூ பெட்டிகளில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

திருடனுக்குப் பயந்து அரிசி டிரம், பழைய தலையணை, கிழிந்த பை என்று ஒளித்து வைப்பவர்கள் ஏராளம். திருடனைவிட வீட்டுக்காரர்களே அதை வெளியே போட்டுவிடும் வாய்ப்புதான் அதிகம். 2024 ஜூலையில் சென்னை விருகம்பாக்கத்தில் சுமார் 5 லட்சம் ரூபாய் வைர நெக்லஸ் ஒன்று குப்பையோடு போய்விட்டது. மகளின் கல்யாணத்துக்காக வைத்திருந்தது. தூய்மைப் பணியாளர்கள் குப்பைத் தொட்டியில் தேடி, மாலை ஒன்றில் சிக்கியிருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்குமா?

‘பேங்க் லாக்கர்ல வெச்சா கவலையே இல்லை’ என்பவர்களுக்கு ஒரு தகவல். 2022 ஜனவரி முதல் அமலில் உள்ள விதிப்படி தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு ஏற்பட்டால், வங்கியின் பொறுப்பு அந்த லாக்கரின் வருட வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வாடகை 2,000 ரூபாய் என்றால், 2 லட்சம். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றங்களுக்கு, வங்கியின் அலட்சியம் இல்லாதவரை, அந்தப் பொறுப்பும் கிடையாது. 2018 நவம்பரில் கஜாவைப் பார்த்த டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லாக்கரில் வைப்பதானாலும் துணிப்பையை ஜிப் கவருக்குள் போட்டு வையுங்கள். முடிந்தால் தரைமட்ட வரிசையைத் தவிர்த்து, மேல் வரிசை லாக்கராகக் கேட்டு வாங்குங்கள்.